பின் சீட்டுக்காரர்கள்

மல்லசமுத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கமலவேணி என்றால் யாருக்கும் தெரியாது. நர்ஸம்மா என்றால் தெரியும். முப்பத்து நான்கு வருடம் தோளில் தடுப்பூசிப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த ஊர்களை நடந்தே சுற்றியவள். அவள் கையால் சொட்டு மருந்து குடித்த குழந்தைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் காட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் வந்து வணக்கம் சொல்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகாவது உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருந்தாள். அதற்குள் கணவர் படுக்கையில் விழுந்தார். மூன்று வருடம் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவரும் போன பிறகு மிச்சமிருந்தது தேய்ந்துபோன இரண்டு முழங்காலும் எதற்கும் அவசரப்படாத ஓர் அலுப்பும்தான்.

அந்த அலுப்பில் இருந்தவளைத்தான் அண்ணன் குருமூர்த்தி போனில் பிடித்தார்.

“அம்மிணி, பத்தே வரி எழுதிக் குடு. கல்லு வெட்டறவன் காத்துட்டு இருக்கறான்.”

“எதுக்குங்கண்ணா?”

“எதுக்குன்னா? அப்பா படிச்ச பள்ளிக்கூடத்துல கலையரங்கம் கட்டறோமில்ல. முகப்புல அப்பா பேரு. உள்ளார நொழஞ்ச ஒடனே கருங்கல்லுல அவரு வரலாறு. போர் விமானி அம்மாசி, பர்மாவுல குண்டு போட்டு ஜப்பான்காரனை ஓட ஓட வெரட்டுனவரு. அப்படி ஆரம்பி. உனக்குத்தான் எல்லாந் தெரியும். கடைசில அப்பாவைப் பாத்துக்கிட்டதே நீதான?”

“அப்பா விமானி இல்லீங்கண்ணா. பின்னால உக்கார்ந்து துப்பாக்கி புடிச்சவரு.”

“விமானத்துல பறந்தாருல்ல? அப்ப விமானிதான்,” என்று சொல்லிவிட்டுக் குருமூர்த்தி போனை வைத்தார்.

குருமூர்த்திக்கு எழுபத்து நான்கு வயது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து, ராஜஸ்தான் வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போட்டு முன்னுக்கு வந்தவர். இப்போது தொழிலை மகன்கள் பார்க்கிறார்கள். கையில் நேரம் நிறைய இருந்ததால் அப்பாவை நினைக்க ஆரம்பித்திருந்தார். அப்பா உயிரோடு இருந்தபோது அதற்கு அவருக்கு நேரமில்லை. அதைக் கமலவேணி ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. ரிக் ஓடுகிற இடத்தில்தான் அவரும் இருக்க வேண்டும்.

அவள் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ‘எங்கள் தந்தை திரு. அம்மாசி அவர்கள்’ என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. மறுநாளும் அதே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் நோட்டைக் கொண்டுபோய், துவைத்து மடித்த துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அம்மாசி மோட்டார் கட்டுகிறவர். பம்ப்செட் மோட்டார் கருகிப்போனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருவார்கள். செம்புக் கம்பியை அவர் சுற்றுகிற நேர்த்திக்கு ராசிபுரம் வரைக்கும் பேர் இருந்தது. அதிகம் பேசமாட்டார். பட்டாளத்தில் இருந்தவர் என்பது தெரியும். என்ன செய்தார் என்று கேட்டால், “ரேடியோ ரிப்பேர் பாத்தனுங்க” என்பார். அதுவும் பொய்யில்லை. ஒரே ஒரு விசித்திரம் உண்டு. ரயிலிலோ பஸ்ஸிலோ பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்காரவே மாட்டார். இடமில்லை என்றால் சேலத்திலிருந்து சென்னை வரைக்கும்கூட நின்றுகொண்டே போவார். தலை சுற்றும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மட்டும் கடையைத் திறக்க மாட்டார். அன்றைக்கு மாமன் மாரிக்குப் படையல். மாரி, கமலவேணியின் அம்மா அத்தாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அம்மாசியும் மாரியும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் சேலத்துக்குப் போய் விமானப்படையில் மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குண்டு போடுகிற விமானங்களில் பின்னால் உட்கார ஆள் போதவில்லை என்று கேட்டபோது இருவரும் கை தூக்கினார்கள். மாரி திரும்பி வரவில்லை. அம்மாசி வந்தார். இவ்வளவும் குருமூர்த்திக்கும் தெரியும். இதற்கு மேல் இருப்பது கமலவேணிக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மாசி கடைசியாகப் படுத்த ஏழு மாதமும் மகள் வீட்டில்தான் இருந்தார். விடிந்ததும் அவருக்குத் துடைத்துவிட்டு, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அப்படி ஒரு காலையில், கஞ்சி டம்ளரைக் கையால் தடுத்துவிட்டு அவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“சாமி, அந்த விமானத்துல ரெண்டே பேருதான். பைலட்டு முன்னாடி பாத்து உக்காருவாரு. நான் அவரு முதுகுக்கு முதுகு குடுத்து வாலப் பாத்து உக்காருவேன். மேலிருந்து கல்லுப் போட்டாப்புல செங்குத்தா எறங்கும். குண்டைப் போட்டுட்டு ஒரேயடியா மேல தூக்கும். போட்டது என்னாச்சுன்னு பைலட்டுக்குத் தெரியாது. அவருக்கு முன்னால வானம்தான். நான்தான் பாப்பேன். பாத்து எழுதிக் குடுக்கறதும் என் வேலை.”

ஓர் ஆற்றங்கரைக் கிராமம். எதிரிகள் அங்கே சரக்கு பதுக்கி வைத்திருப்பதாகத் தகவல். அந்த வாரத்தில் மூன்றாவது முறை போகிறார்கள். குண்டு விழுந்து விமானம் மேலே திரும்பியபோது அம்மாசி கீழே பார்த்தார். ஒரு பொம்பளை ஓடிக்கொண்டிருந்தாள். தலையில் குடம் இருந்தது.

“குடத்தைக் கீழ போட்டுட்டு ஓடலாமில்ல? போடாமயே ஓடுனா. ஒரு கை அதைப் புடிச்சுட்டே இருந்துச்சு. அது குடமா, வேற ஏதாச்சும் மூட்டையா, எனக்கு நல்லாத் தெரியல. குடம்னுதான் நெனச்சேன். அப்பறம் பொகை மூடிருச்சு.”

கீழே இறங்கியதும் அதைத் தாளில் எழுதினார். எழுதியதை அதிகாரி அடித்துவிட்டு, ‘இலக்கு தாக்கப்பட்டது’ என்று எழுதினார். மறுநாள் காலை விமானத்துக்குப் பக்கத்தில் போய் நின்ற அம்மாசி ஏறவில்லை. சொல்லிப் பார்த்தார்கள், கத்திப் பார்த்தார்கள். அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. சட்டையிலிருந்த பட்டையைக் கிழித்துச் சமையல் கூடத்தில் பாத்திரம் கழுவ அனுப்பினார்கள். கோழை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அந்தச் சீட்டில் மாரி ஏறிக்கொண்டான். பதினேழு நாள் போய்வந்தான். பதினெட்டாம் நாள் அந்த விமானம் திரும்பவில்லை.

“ஊருக்கு வந்ததும் மொத வேலையா மாரி ஊட்டுக்குப் போயி அவங்கப்பன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். என் சீட்டுல உக்காந்துதான் உங்க பையன் செத்தான்னு சொன்னேன். அடிப்பாருன்னு நெனச்சேன். சாப்புட்டுட்டுப் போன்னாரு. உங்கம்மாதான் சோறு போட்டா.”

இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டிலேயே அவருக்குப் பெண் கொடுத்தார்கள். பிறகொரு நாள் கமலவேணி அம்மாவிடம் இதைக் கேட்டாள். அத்தாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். “அவரு சொல்லாம இருந்திருந்தா எங்கண்ணன் எப்படிப் போனான்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தந்தியில ரெண்டு வரிதான இருந்துச்சு,” என்று மட்டும் சொன்னாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது இருவரும் இல்லை.

இதில் பத்து வரி கருங்கல்லுக்கு எப்படி எழுதுவது?

அண்ணன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் கொண்டாட்டம். கலையரங்கம் பற்றி அவர் பேரன் ஃபேஸ்புக்கில் போட்டதைப் பார்த்து, அந்த விமானத்தை ஓட்டிய பைலட் நரசிம்மனின் குடும்பத்திலிருந்து ஓர் அம்மாள் தேடிப் பேசியிருக்கிறாராம். பேர் வித்யா. திருச்சியில் பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். “தெறப்பு விழாவுக்கே வாராங்களாம். அதுக்கு முன்னால உன்னையப் பாக்கோணும்னாங்க. நம்பர் குடுத்துட்டேன்,” என்றார்.

கமலவேணிக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும். செத்துப்போன பைலட்டின் வீட்டார் ஏறாமல் நின்றவனை மறந்திருப்பார்களா? வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை போனை எடுத்தாள். அதைச் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. வைத்துவிட்டாள்.

வித்யா ஒரு சனிக்கிழமை பகலில் வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான பெண்மணி. வெயிலில் வீடு தேடி அலைந்ததில் முகம் சிவந்திருந்தது.

“வாங்க சாமி, உக்காருங்க. மொதல்ல மோர் குடிங்க.”

குடித்து முடித்ததும் வித்யா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். “நரசிம்மன் எங்கம்மாவோட அண்ணா. நான் அவரைப் பார்த்ததில்லை. மாமான்னு ஒரு போட்டோதான்,” என்றார்.

“எனக்கும் அப்படித்தானுங்க. மாரி மாமனும் போட்டோதான்.”

“அவர் எழுதின கடைசிக் கடுதாசி இது. எங்கம்மாவுக்குப் போட்டது. நீங்களே படிங்கோ.”

கமலவேணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். பாதிக்கு மேல் வீட்டு விசாரணைதான். பசு கன்று போட்டதா, தம்பிக்கு ஜுரம் விட்டதா என்று. நடுவில் நான்கு வரி இருந்தது.

‘என் பழைய பின் சீட்டுக்காரன் போய்விட்டான். புதியவனும் அவன் ஊர்க்காரன்தான். மேலே ஏறினவுடன் பாட ஆரம்பித்துவிடுகிறான். மைக்கை அணைத்து வை என்று சொன்னால், அணைத்துவிட்டுப் பாடுகிறான். எஞ்சின் சத்தத்தையும் தாண்டி அது எனக்குக் கேட்கிறது.’

அவ்வளவுதான். அந்த நான்கு வரியையும் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்பாவைத் திட்டி ஒரு வார்த்தை இருக்கும் என்று பயந்திருந்தாள். அவர் செய்தது சரி என்று ஒரு வார்த்தை இருந்துவிடாதா என்றும் மனசின் ஓர் ஓரத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் இல்லை. ‘போய்விட்டான்’ என்று ஒரே சொல். அதற்குப் பதிலாக மாமன் பாடுவான் என்று தெரிந்தது. அம்மா இதைச் சொன்னதே இல்லையே, அவளுக்கும் தெரியாதோ என்று நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

“எங்கம்மா அந்தப் பழைய ஆளைக் கடைசிவரைக்கும் குறை சொல்லிண்டே இருந்தா,” என்றார் வித்யா. “பழகின ஆள் கூட இருந்திருந்தா அண்ணா திரும்பி வந்திருப்பான்னு அவளுக்கு ஒரு எண்ணம். உங்கப்பா ஏம்மா போயிட்டார்? உடம்பு சரியில்லையா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்திருக்கும். விழா நடந்திருக்கும், கல்லில் பத்து வரி ஏறியிருக்கும். ஆனால் இருபது வருடம் அந்தக் காலைப்பொழுதைத் தனியாகச் சுமந்து அவளுக்குச் சலித்துவிட்டது. இன்னொரு பொய்யையும் அதன்மேல் ஏற்றிக்கொள்ள முடியும் என்று தோன்றவில்லை.

“இல்லீங்க,” என்றாள். “ஏற மாட்டேன்னுட்டாரு.”

முழுவதும் சொன்னாள். ஆற்றங்கரைக் கிராமம், குடம், அடிக்கப்பட்ட தாள், பாத்திரம் கழுவியது, பதினேழு நாள் எல்லாவற்றையும் சொன்னாள். நோயாளியின் விவரத்தை டாக்டரிடம் ஒப்பிக்கிற அதே குரலில்தான் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

வித்யா கடுதாசி உறையையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “மாமாவுக்கு இது தெரியுமா? அவர் முன்னாடியே பார்த்துண்டு இருந்தார்னேளே?”

“அப்பா அன்னிக்கே சொல்லப் போனாராமுங்க. பைலட்டு கண்ணாடியத் தொடச்சுட்டு இருந்தவரு, ‘நாளைக்கும் நான் ஓட்டணும் அம்மாசி. நீ பாத்ததை எங்கிட்ட சொல்லாதே’ன்னாராம்.”

வித்யாவின் உதடு கோணியது. அழப்போகிறார் என்று கமலவேணி நினைத்தாள். அழவில்லை. “எங்கம்மா இருந்திருந்தா இதை அவகிட்டச் சொல்லியிருக்க மாட்டேன்,” என்றார். “நல்லவேளை, இல்லை.” கிளம்பும்போது கடுதாசியின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. கமலவேணியும் கேட்கவில்லை.

ஒருவரிடம் சொல்லியாயிற்று. இனி அண்ணனிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறித் திருச்செங்கோட்டுக்குப் போனாள். குருமூர்த்தி கல்லின் மாதிரிப் படத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். விமானம் ஒன்று செதுக்கி, கீழே நெருப்பு எழுவதுபோல் வரைந்திருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர் படத்தை மெதுவாகச் சுருட்டினார்.

“பயந்துட்டாருங்கறயா?”

“அப்படிச் சொல்லலீங்கண்ணா.”

“வேற என்ன? பட்டையக் கிழிச்சாங்க, பாத்திரம் கழுவ உட்டாங்க. அதைக் கல்லுல எழுதச் சொல்றயா? அல்லாரும் படிச்சுச் சிரிக்கட்டுமா?”

“எதையுமே எழுத வேண்டாங்கண்ணா. அந்த நெருப்பு மட்டும் வேண்டாம். அவரு அதைப் பாத்துட்டுத்தான் எறங்குனாரு.”

குருமூர்த்தி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணி காபி கொண்டுவந்தபோது கமலவேணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள் போன் இல்லை. அவளாகவும் கூப்பிடவில்லை. அண்ணனை இழந்துவிட்டோமோ என்று நினைத்தாள். அந்த நினைப்பிலும் பெரிய பதற்றம் வரவில்லை. அவராக வந்தால் வரட்டும் என்றிருந்தது.

பன்னிரண்டாம் நாள் வாசலில் கார் வந்து நின்றது. குருமூர்த்தி தனியாக இறங்கி வந்தார். முகச்சவரம் செய்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கறேன் அம்மிணி. எங்கிட்ட ஏன் சொல்லல அவரு? நான் மூத்தவனில்ல?”

அதற்குப் பதிலாக அவள் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். “காலையில நான்தான் அவருக்குத் தொடச்சு உடுவனுங்கண்ணா,” என்றாள். “எங்கிட்ட மறைக்கறதுக்கு அவருக்கு அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல. அதனால சொல்லியிருப்பாரு.”

குருமூர்த்தி தலை குனிந்தார். எழுபத்து நான்கு வயதுக்காரர், தோள் குலுங்க அழுதார். அவள் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்ன போடலாம் சொல்லு,” என்றார்.

“ரெண்டு பேரோட பேரும். மாமன் பேரு மொதல்ல.”

“போர் விமானின்னு வேண்டாமா?”

“வேண்டாங்கண்ணா.”

அவர் கொஞ்சம் முனகினார். வாங்கிய கல் பெரியது, இரண்டு பெயரை மட்டும் எழுதினால் மொட்டையாக இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றாள். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

தை மாதத்தில் ஒரு முற்பகலில் கலையரங்கம் திறந்தார்கள். கல்லில் ‘மாரி 1923–1944, அம்மாசி 1922–2005, இப்பள்ளி மாணவர்கள், விமானப்படையில் பணிபுரிந்தவர்கள்’ என்று இருந்தது. மீதிக் கல் வெறுமையாகத்தான் இருந்தது. குருமூர்த்தியின் மகன்களுக்கு அது பிடிக்கவில்லை. தலைமை ஆசிரியர், அம்மாசி அவர்களின் வீரதீரத்தைப் பற்றி ஐயா பேசுவார் என்று அறிவித்தார். குருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். “எங்க மாமனும் எங்கப்பாவும் இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. ஒருத்தர் திரும்பி வரல. ஒருத்தர் வந்து மோட்டார் கட்டுனாரு. நல்ல மனுசங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். இதற்கு எவ்வளவு கைதட்டுவது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை.

வித்யா திருச்சியிலிருந்து வந்திருந்தார். கல்லுக்கு முன்னால் நின்று படித்தார். ஒரு ரோஜாப்பூவை மாரியின் பேருக்குக் கீழே வைத்தார். அம்மாசியின் பேருக்குக் கீழே வைக்கவில்லை. ஆனால் திரும்பும்போது அந்தப் பேரை விரலால் ஒரு முறை தொட்டார். பிறகு கமலவேணியிடம் வந்து, மதியச் சாப்பாட்டுக்கு இருக்க முடியாது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார். போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னாள் கமலவேணி. சரி என்று தலையாட்டினார்.

மேடையில் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. கமலவேணி மூன்றாம் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் ஆட்டம் முடிவதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. அண்ணி எழுப்பப் போனாள்.

“உடு, தூங்கட்டும்,” என்றார் குருமூர்த்தி. சன்னல் வழியாக வந்த வெயில் அவள் முகத்தில் விழாதபடி தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.